முதுகில் எழுதிய பெயர்

செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையைக் காளவாய் என்றும் காளவாசல் என்றும் வழங்குதல் நம் நாட்டு மரபு. மதுரைக்கு மேற்கே அப்பெயர் பூண்ட இடத்தில் இப்போது சூளையுமில்லை, புகையுமில்லை என்று எழுதத் தொடங்கினோம். புகையில்லை என்றதை உடனே மீட்டுக்கொள்கின்றோம். தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடும் அந்நாற்சந்தியில், மேம்பாலம் எழுந்த பின்னரும், காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தவர் எவரும் அங்கே சூளை அணைந்ததென்று சத்தியம் செய்யமாட்டார். அச்சந்திக்கு அண்மையில் ஒரு குறுந்தெருவிற் பல்லாண்டாக யாம் குடியிருக்கின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எம் உறக்கத்தைக் கலைப்பது தேவாலய மணியுமன்று, சேவலுமன்று. வைகறை ஐந்து மணிக்கு இருபது இளைஞர்கள் தத்தம் புல்லட் வண்டிகளோடு சந்தியிலுள்ள தேநீர்க்கடையின்முன் திரள்வர். மேகமலை, குரங்கணி, கொடைக்கானல் என ஏதேனும் ஒரு மலையை நோக்கி அவர்கள் புறப்படுங்கால் எம் வீட்டு அடுக்களையிற் பாத்திரங்கள் தாமே பேசும். தொடக்கத்தில் யாம் அவர்களை வைததுண்டு. ஓர் ஐப்பசி மழையில் எம் தெருமுனையில் வழுக்கி விழுந்த முதியவர் ஒருவரைத் தூக்கியெடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர் இவர்களே என்று அறிந்தபின் வைவதை நிறுத்தினோம். அவர்களுள் ஒருவர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அம்மாணாக்கர் எம் இல்லத்துக்கு வந்தார். அவர் கையிற் கையில்லாத கருஞ்சட்டையொன்று இருந்தது. அதன் முதுகில் நடுவே ஒரு காளைத்தலை. அதன் கீழே வளைந்த பட்டையில் ‘மதுரை’ என்னும் பெயர். மேலே வளைந்த பட்டை மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. மார்புப் பக்கத்தில் ஒரு சாய்சதுரக் கட்டத்துள் 1% என்னும் குறி தைக்கப்பட்டிருந்தது.

“ஐயா, மேற்பட்டையில் எங்கள் சங்கத்தின் பெயர் வரவேண்டும். ‘அவுட்லா’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று தாருங்கள். வெளிநாட்டுப் பெரிய சங்கங்களெல்லாம் தம்மை அப்படித்தான் சொல்லிக்கொள்கின்றன” என்றார்.

வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்றவர்க்கு ஒரு நோயுண்டு. வினா எழுந்தவுடன், விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நாலுபேர் நகைக்குமாறு ஏதேனும் சொல்லிவிட வேண்டும். “உம் ஊர்க்காரருக்குமா அதற்குச் சொல் தேட வேண்டும்? சர்க்கார் கொடுத்த பெயரே இருக்கிறதே!” என்று சொல்லிவிட்டோம். அவர் கீழக்குயில்குடியைச் சேர்ந்தவர். குற்றப்பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்மீது முதன்முதலாக, 1914-ஆம் ஆண்டில், சுமத்தப்பட்டது அவ்வூரிலேதான். அவர் நகைக்கவில்லை. சட்டையை நான்காக மடித்தார். “வருகிறேன் ஐயா” என்றார். மனையாள் கொண்டுவந்து வைத்த காப்பி அப்படியே ஆறிப்போயிற்று. அதனைப் பருக எமக்கும் மனமில்லை.

அவர் கேட்ட சொல்லையேனும் முறையாகத் தேடிக் கொடுப்பது என்று துணிந்து, அன்றிரவு தொடங்கி ஒரு வாரம் அச்சங்கங்களின் வரலாற்றைப் படித்தோம். தமிழாசிரியனுக்கு இஃதென்ன படிப்பு என்று வீட்டார் வியந்தனர்.

‘அவுட்லா’ என்பது இத்துறையிற் புகுந்த காலத்தில் அத்துணைக் கொடிய சொல்லன்று. அமெரிக்க நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கு 1924-இல் ஒரு பொதுக்கழகம் ஏற்பட்டது. அக்கழகத்தின் அனுமதி பெறாது நடந்த பந்தயமும், அதிற் பதிவு செய்துகொள்ளாத சங்கமும் அப்பெயரால் அழைக்கப்பட்டன. வருகைப் பதிவேட்டிற் பெயரில்லாத மாணாக்கன் கடைசிப் பலகையில் வந்து அமர்வதைப் போன்றதே அது. 1935-இல் இல்லினாய் மாநிலத்து மெக்குக் என்னும் ஊரிற் கூடிய ஒரு குழுவினர் அச்சொல்லையே தம் பெயராக்கிக்கொண்டனர்.

சொல்லுக்கு இப்போதுள்ள கருநிறத்தை ஏற்றியது 1947 ஜூலை முதல் வாரம். கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் நடந்த பந்தய விழாவுக்கு நாலாயிரம் பேர்வரை திரண்டனர். ஊர் கொள்ளவில்லை. குடித்தனர்; தெருவிலே வண்டியோட்டிப் போட்டியிட்டனர்; புட்டிகளை உடைத்தனர். ஐம்பது பேரளவிற் கைதாயினர். குற்றங்களோ பெரும்பாலும் குடிவெறியைச் சார்ந்த சில்லறைக் குற்றங்கள். ஆனால் ‘லைஃப்’ பத்திரிகையில், உடைந்த புட்டிகளின் நடுவே வண்டிமேற் சாய்ந்து மதுவருந்தும் ஒருவனது படம் பக்கம் நிறைய வெளிவந்தது. அது நிகழ்ந்ததைப் பிடித்த படமன்று, நிகழ்த்திப் பிடித்த படம் என்பார் பலர். 1953-இல் மார்லன் பிராண்டோ நடித்த திரைப்படமும் அவ்வூர்க் கதையைத் தழுவியே எழுந்தது. வண்டியோட்டுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் ஒழுங்கானவர் என்று அப்பொதுக்கழகம் சொல்லிற்று என ஒரு செய்தி பரவியது. அங்ஙனம் சொன்னதற்குத் தன்னிடம் பதிவேயில்லை என்று கழகம் பின்னர் மறுத்தது. சொன்னாரோ இல்லையோ, எஞ்சிய ஒருவர் யாமே என்று சிலர் மார்தட்டிக்கொண்டு கிளம்பினர். எம் மாணாக்கர் சட்டையிலிருந்த 1% என்னும் குறியின் பிறப்பு இதுவே.

1948-இல் அக்கலிபோர்னியாவிலேயே ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப்போரிலிருந்து மீண்டு, அமைதியான வாழ்வில் அமர இயலாத இளைஞர் பலர் அக்காலத்து இத்தகைய சங்கங்களிற் சேர்ந்தனர். நாளடைவில் இச்சங்கங்கள் தமக்கென ஒரு சட்டத்தை வகுத்துக்கொண்டன. புதியவன் முதலிற் சும்மா உடன் திரிவான். பின்னர்ச் சோதனைக் காலத்தவனாகி ஏவல் செய்வான். மூத்தோர் ஒப்பினால் மட்டுமே முழுப்பட்டை பெறுவான். முதுகின் மேற்பட்டை சங்கத்தின் பெயர், நடுவிலுள்ளது சின்னம், கீழ்ப்பட்டை அவர்கள் ஆளும் எல்லையின் பெயர். சட்டத்துக்கு அடங்கோம் என்று புறப்பட்டவர் எத்துணைக் கடுஞ்சட்டத்துக்கு அடங்கினர் என்பதை எண்ணி யாம் ஒருமுறை தனியே சிரித்தோம். அவ்வேஞ்சல்ஸ் சங்கத்தார் தம் சின்னத்தைப் பதிவு செய்து, அதனைக் களவாடினர் என்று டிஸ்னி நிறுவனத்தின்மீது 2006-இல் நீதிமன்றம் ஏறிய செய்தியையும் படித்தோம்.

ஆயினும் அக்கீழ்ப்பட்டை சிரிப்புக்குரியதன்று. 1969-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திற் பெரும்பாலும் மெக்ஸிகோ வழியினர் கூடி ‘மங்கோல்ஸ்’ என்றொரு சங்கம் கண்டனர். அவர்கள் தம் முதுகிற் ‘கலிபோர்னியா’ என்று தைத்துக்கொண்டனர். அப்பெயர் எமக்கே உரியது என்றனர் ஏஞ்சல்ஸ். ஒரு நாட்டுப் பெயரைத் துணியில் எழுதும் உரிமைக்காக எழுந்த அப்பகையிற் பல்லாண்டு உயிர்கள் மாய்ந்தன. 2002 ஏப்ரலில் நெவாடா மாநிலத்து லாஃப்லின் நகரத்துச் சூதாட்ட விடுதியொன்றனுள் இரு திறத்தாரும் மோதி மூவர் இறந்தனர். 2015 மே மாதத்தில் டெக்ஸாஸ் மாநிலத்து வேக்கோ நகரில், ‘டெக்ஸாஸ்’ என்னும் கீழ்ப்பட்டையை யார் அணிவது என்னும் வழக்கினால் ‘பாண்டிடோஸ்’ என்பாரும் ‘கொசாக்ஸ்’ என்பாரும் ஓர் உணவு விடுதியின் முன்றிலிற் சுட்டுக்கொண்டனர். ஒன்பதின்மர் மாண்டனர்; நூற்றெழுபதுக்கு மேற்பட்டோர் கைதாயினர்; இறுதியில் ஒருவர்மீதும் குற்றம் நாட்டப்படாது வழக்குகள் யாவும் 2019-க்குள் கைவிடப்பட்டன.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இன்னும் நெஞ்சைச் சுடுவது. சிட்னி நகரத்துக் ‘காமன்செரோ’ சங்கத்திலிருந்து பிரிந்தவர்கள் ‘பாண்டிடோஸ்’ என்னும் அமெரிக்கச் சங்கத்தின் பட்டையை அணிந்தனர். நேற்றுவரை ஒருதட்டில் உண்டவர்களாதலின் பகை உறவுப்பகையாயிற்று. 1984 செப்டம்பர் 2, அந்நாட்டிலே தந்தையரைப் போற்றும் நாள். மில்பெர்ரா என்னுமிடத்தில் மோட்டார் சைக்கிள் உறுப்புகளை மாற்றிக்கொள்ளும் சந்தையொன்று கூடியிருந்தது. குடும்பத்தோடு வந்தவர் பலர். அங்கே இரு சங்கத்தாரும் துப்பாக்கியும் தடியும் கொண்டு பொருதனர். எழுவர் இறந்தனர். அவர்களுள் ஒருத்தி எச்சங்கத்தையும் சாராத பதினான்கு வயதுச் சிறுமி. அக்குழந்தையின் முதுகில் யாதொரு பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வட ஐரோப்பாவில் 1994 முதல் 1997 வரை நிகழ்ந்த பகையிற் படைக்கொட்டிலினின்று களவாடிய தகரி எதிர்ப்பு எறிபடைகளையும் ஏவினர்; 1996 அக்டோபரிற் கோபன்ஹேகனில் அங்ஙனம் ஏவியது இருவரைக் கொன்றது; அவருள் ஒருத்தி விருந்துக்கு வந்த அயற்பெண். இறுதியில் இரு தலைவர்களும் தொலைக்காட்சி முன்னர்க் கைகுலுக்கினர். கனடாவிற் கியூபெக் மாகாணத்தில் நடந்தது பட்டைப் பகையன்று, போதைப்பொருள் விற்கும் வீதிகளுக்கான பகை. நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1995-இல் மாண்ட்ரியலில் வெடித்த காரின் துண்டு தாக்கிப் பதினொரு வயதுப் பாலகன் இறந்த பின்னரே அந்நாட்டார் கொதித்தெழுந்தனர். 1997-இல் அங்கே புதுச்சட்டம் பிறந்தது. இவற்றை மேலும் விரித்தல் எமக்கு உவப்பன்று. எம் தெருமுனையில் முதியவரைத் தூக்கிய கைகளுக்கும் இக்கதைகளுக்கும் யாதொரு தொடர்புமில்லை. கருஞ்சட்டையின் தோற்றம் மட்டுமே கடல் கடந்து வந்திருக்கின்றது.

இத்துணையும் படித்து முடித்த இரவில், ஹாலிஸ்டர் நிகழ்ச்சியின் ஆண்டு எம்மை உறுத்திற்று. 1947 ஜூலை. அதற்கு முந்திய திங்கள், ஜூன் மாதத்தில், சென்னை மாகாணத்திற் குற்றப்பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. ஆங்கே ஒரு கூட்டத்தார் தம்மைச் சட்டத்துக்குப் புறத்தார் என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கிய வேனிலும், ஈங்கே ஒரு கூட்டத்தார்மேலிருந்து அப்பெயரை இறக்கிவைத்த வேனிலும் ஒன்றே. எம் மாணாக்கர் கேட்ட சொல் எமக்குக் கிடைக்காமைக்குக் காரணம் அப்போது புலனாயிற்று. தமிழில் அச்சொல்லைச் சர்க்கார் ‘பரம்பரை’ என்னும் சொல்லோடு சேர்த்தே வழங்கிவிட்டது. அதிலே சேர ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. சோதனைக் காலமில்லை. பிறந்தாற் போதும்.

இரண்டு ஞாயிறுகள் கழிந்தன. வண்டிகள் வந்தன, அவர் வரவில்லை. மூன்றாம் ஞாயிறன்று பிற்பகல் யாம் பேருந்தேறிக் கீழக்குயில்குடிக்குச் சென்றோம். காளவாசலிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே சென்று, நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னர்த் தெற்கே திரும்பவேண்டும். சமணர்மலையும், அதன் அடிவாரத்துத் தாமரைக்குளமும், ஆலமரங்களும் காண்போரை அங்கேயே இருத்திவிடும் அழகின. மாணாக்கர்களை அம்மலையின் சிற்பங்களைக் காண்பதற்கு யாம் பன்முறை அழைத்துச் சென்றதுண்டு. தீர்த்தங்கரரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். பக்கத்து ஊருக்குள் ஒருமுறையும் நுழைந்ததில்லை.

அவ்வூர்க் காவலின் வரலாறும் கசப்பும் இனிப்பும் கலந்ததே. கூலி பெற்று ஊர்களைக் காத்தல் பிறமலைக் கள்ளரின் பழைய உரிமை. மதுரை நகர்க்குள்ளும் கீழக்குயில்குடியாரின் காவல் இருந்தது. காவற்கூலி கொடாதவன் மாடு காணாமற்போவதும், ‘துப்புக்கூலி’ பெற்று அது மீண்டு வருவதும் உண்டென்பதை மறைப்பதிற் பயனில்லை. 1896-இல் திண்டுக்கல் பக்கத்தில் கோனார் முதலானோர் ஒன்றுகூடி, கள்ளர் காவல் வேண்டாவென்று பொதுநிதி திரட்டித் தாமே காவல் வைத்தனர். ‘பண்டு’ என்று பெயர் பெற்ற அவ்வியக்கத்தில் இருபாலும் வீடுகள் எரிந்தன. எல்லைக்கும் கூலிக்கும் எழுந்த பகையாதலின், அதற்கும் மேலே சொன்ன கீழ்ப்பட்டைப் பகைக்கும் ஓரளவு உறவு காணலாம். அதற்குமேல் காணலாகாது. ஏனெனில் பின்னர் வந்த சட்டம் களவு செய்தவனையும் செய்யாதவனையும் வேறுபிரித்துப் பார்க்கவில்லை. ஊரார் கைரேகை பதிந்தனர். இரவிற் குறித்த இடத்தில் வந்து படுத்தனர். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டுப் பெற்றனர். சில ஆண்டுகளில் அச்சட்டம் பிறமலைக் கள்ளர் நாடு முழுதும் பரவியது. ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண்ணையும் சேர்த்துப் பதினாறு பேர் உயிர் துறந்தனர். அதன்பின் சீர்திருத்தம் என்னும் பெயராற் பள்ளிகளும் வந்தன. எழுத்தும் ரேகையும் பல காலம் உடன் நடந்தன.

எம்மைக் கண்டதும் மாணாக்கர் எழுந்து வந்து திண்ணையில் இடங்கொடுத்தார். யாம் அன்று பேசியது பிழையென்று சொல்லத் தொடங்கினோம். “அதற்கென்ன ஐயா, பள்ளிக்கூடத்தில் கேட்காததா?” என்று மெல்லச் சொன்னார். தேற்றுவதற்காகத்தான் சொன்னார். ஆனால் அப்பள்ளிக்கூடங்களில் யாமும் நின்றவர்களல்லமோ? அதன்பின் சொல்ல எண்ணி வந்தவை நாவில் எழவில்லை.

திண்ணையின் மறுகோடியில் அவருடைய அப்பத்தா அமர்ந்திருந்தார். எண்பத்தைந்துக்கு மேற்பட்ட வயது. காதுகள் தோள்வரை வடிந்தவை. கொடியிற் காய்ந்த கருஞ்சட்டையைச் சுட்டி அவர் பேரனை வினவினார். அவர்கள் பேசியதைப் பேசியவாறே எழுதுகின்றோம். செந்தமிழாக்கினால் அது கெட்டுவிடும்.

“அதுல என்னப்பு எழுதியிருக்கு?”

“நூறு பேர்ல ஒருத்தன்னு எழுதியிருக்கு, அப்பத்தா.”

“மத்தவுக?”

“அவுக ஒழுங்கானவுகளாம்.”

“யாரு எழுதுனா?”

“நாங்களே தச்சுக்கிட்டது.”

“நீங்களேவா!” என்று அம்மூதாட்டி நகைத்தார். அந்நகை ஓய நெடுநேரமாயிற்று. பின்னர் எம்மை நோக்கி, தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். பொழுது சாய்ந்ததும் அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படுவாராம். இவர் சிறுமி; சாவடித் திருப்பம் வரையில் விளக்குப் பிடித்துச் செல்வாராம். தங்கையின் திருமணத்துக்கு அயலூர் சென்றவர் சீட்டிற் குறித்த நாளுக்கு மறுநாள் திரும்பியதாற் சிறை சென்றார் என்றும், திரும்பி வந்தபின் எந்த விசேடத்துக்கும் போனதில்லை என்றும் சொன்னார். சட்டம் போய்விட்டது என்று ஊரிற் பறையறைந்த அன்றிரவும் அவர் பாயை எடுத்துக்கொண்டு புறப்பட்டாராம். நாலுபேர் கூடித் தடுத்து வீட்டிற் படுக்கவைத்தனராம். “தூங்குனாருங்கறீக? விடியவிடிய முழிச்சே கெடந்தாரு” என்றார்.

மாணாக்கர் அக்கதையை முன்னர்க் கேட்டதில்லை போலும். தலைகுனிந்து தரையிலே விரலாற் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பேருந்துக்கு நேரமாயிற்று. அவரே தம் வண்டியில் எம்மை ஏற்றிக்கொண்டு காளவாசலிற் கொண்டுவந்து விட்டார். எம் வாழ்நாளில் புல்லட் வண்டியில் ஏறியது அதுவே முதன்முறை. முதுகு மூன்று நாள் வலித்தது.

அடுத்த திங்களில் அவர்கள் புறப்பட்டபோது சந்திக்குச் சென்று பார்த்தோம். இருபது சட்டைகளுக்கும் முன்பே தையற்காரருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. பிரிப்பதற்கு அவர் தனிக்கூலி கேட்டாராம். ஏழு சட்டைகளிற் சாய்சதுரம் இல்லை. தையலின் ஊசித்தடம் மட்டும் இருந்தது. ஏனையோர் அதனை வைத்திருந்தனர்; ஒருவர் எமக்கு விளக்கமும் சொன்னார், அது இப்போது வெறும் அழகுக்கு என்று. எம் மாணாக்கர் சட்டையே அணியவில்லை. சாதாரண மழைச்சட்டை போட்டிருந்தார். தேநீர்க்கு அவரே காசு கொடுத்தார்.

“மேற்பட்டை இன்னும் காலியாகவே இருக்கிறது ஐயா” என்றார்.

நிகண்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கின்றோம் என்று சொல்லி வைத்தோம்.